கணினியில் எதை மாற்றுவது? கொழுந்தனார் பட்டியலும் ஒரு டிக் டிக் சத்தமும்

கடிதத்தின் சுருக்கம்

வாசகி ஒருவர் வீட்டிலிருந்தே புத்தகப் பக்க வடிவமைப்பும் அட்டைப்பட வேலையும் செய்கிறார். ஓராண்டாகச் சின்னச் சின்ன வீடியோக்களையும் எடிட் செய்து தருகிறார். 2017இல் அவருடைய கொழுந்தனார் அசெம்பிள் செய்து கொடுத்த டெஸ்க்டாப்தான் இன்றுவரை சோறு போடுகிறது. இன்டெல் ஐ5-7500 பிராசஸர், பி250 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, பெயர் தெரியாத 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி), விண்டோஸ் 10.

பட்டனை அழுத்தினால் வேலை தொடங்க ஆறேழு நிமிடம் ஆகிறது. வடிவமைப்பு மென்பொருளும் பிரவுசரும் சேர்ந்து திறந்திருந்தால் ஹேங் ஆகிறது. பத்து நிமிட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. அப்படி ஓடும்போது இரண்டு முறை கணினி பட்டென்று அணைந்துவிட்டது. தேதி அவ்வப்போது பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது.

கொழுந்தனார் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்: பழைய ஐ7-8700 பிராசஸர், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், லிக்விட் கூலர், விளக்கு போட்ட கேபினெட். கையில் சேர்த்து வைத்த தொகையில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்கே போகிறது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி "பிறகு பார்த்துக்கலாம்" வரிசையில் நிற்கிறது. கணவரோ, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு புது லேப்டாப் வாங்கச் சொல்கிறார். "எது செலவு, எது வீண்செலவு என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டவர், கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "ஹார்ட் டிஸ்கிலிருந்து சில நேரம் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. அது இருக்கட்டும்."

பதில்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், சகோதரி. இரண்டாவது முறை கடைசி வரியிலிருந்து மேலே படித்தேன். அது இருக்கக் கூடாது.

ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டும், அதன்மேல் தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கும் ஒரு தலையும். அந்தத் தலை தேடிய இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பிப் போய் மறுபடி முயலும்போது டிக் டிக் என்று கேட்கும். எட்டு ஆண்டைத் தாண்டிய டிஸ்க் அப்படிச் சத்தம் போட்டால், நாளைக்கும் ஓடலாம், இன்று மாலையே நிற்கலாம். உங்கள் வாடிக்கையாளர்களின் வேலை முழுவதும் அந்த ஒரே டிஸ்கில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முதல் செலவு உங்கள் கொழுந்தனாரின் பட்டியலிலேயே இல்லை: ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க். இந்தக் கடிதத்தை மேலே படிப்பதற்கு முன் அதை வாங்கி வரச் சொன்னாலும் தப்பில்லை.

வந்ததும், முழு டிஸ்கையும் அப்படியே நகலெடுக்கும் குளோன் வேலை வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்கை விண்டோஸ், பழைய மென்பொருள் என்று தேவையற்றதையெல்லாம் படிக்க வைத்தால், முக்கியமான ஃபோல்டர் வருவதற்குள் அது உயிரை விட்டுவிடும். நடப்பு வேலைகள் முதலில், முடிந்த வேலைகளின் மூலக் கோப்புகள் அடுத்து, குடும்பப் படங்கள் அதற்குப் பிறகு. கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்தும் டிஃபிராக் செய்வது, டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் கட்டளையை ஓட்டுவது எதுவும் இப்போது வேண்டாம். இரண்டும் பலவீனமான டிஸ்கைப் போட்டு உருட்டும். காப்பி முடிந்த பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். மாற்றப்பட்ட செக்டர்கள் (கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட சிறு பகுதிகள்), மாற்றக் காத்திருக்கும் செக்டர்கள் என்று இரண்டு வரி இருக்கும். பூஜ்யம் இல்லாமல் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கை எதற்கும் நம்பாதீர்கள்.

எது காக்க வைக்கிறது?

கொழுந்தனார் மீது வருத்தம் வேண்டாம். அவர் பட்டியலில் அறிவும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது, பாதி சரியும்கூட. ஆனால் கணினியில் எது பழையது என்று பார்த்து அந்தப் பட்டியலைப் போட்டிருக்கிறார். என் மேசைக்கு வரும் கணினிகளில் நான் பார்ப்பது வேறு: இந்த மனிதரை எது காக்க வைக்கிறது? பழையதாக இருந்தும் யாரையும் காக்க வைக்காத பாகத்தை மாற்றினால், பணம் போகும், காத்திருப்பு அப்படியே இருக்கும்.

இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து ஓரமாக வைத்துக்கொண்டு உங்கள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். நிஜமான புத்தகம், நிஜமான வீடியோ. கணினி திணறும் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பி, சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க், ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) நான்கில் எது உச்சியில் நிற்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். அரை நாள் போதும். ஆறேழு நிமிடம் பூட் ஆகிறது, இரண்டு மென்பொருள் திறந்தால் ஹேங் ஆகிறது என்று நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்: டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், மெமரி 90ஐத் தொட்டிருக்கும், பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். தாள் வேறு விதமாகச் சொன்னால் தாளை நம்புங்கள், என்னை வேண்டாம்.

எஸ்எஸ்டியைப் பிறகு என்று தள்ளியதுதான் பட்டியலின் பெரிய பிழை. "ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி, சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி, நாலு மடங்குதானே" என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரே பெரிய கோப்பை நீளமாகப் படிக்கும்போது வரும் கணக்கு. விண்டோஸ் எழும்போதும் மென்பொருள் திறக்கும்போதும் ஆயிரக்கணக்கான துண்டுக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிறது. 7,200 சுற்று என்றால் விநாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேவையான இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடி காக்க வேண்டும். தலை நகர்ந்து அந்தத் தடத்துக்குப் போக இன்னும் எட்டொன்பது. ஆக ஒரு துண்டுக்கு 13 மில்லி விநாடி. விநாடிக்கு எழுபத்தைந்து துண்டு. சாதாரண எஸ்எஸ்டியோ விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துக் கொடுக்கும். உங்கள் ஆறேழு நிமிடம் அரை நிமிடத்துக்குள் சுருங்குவது இதனால்தான்.

பி250 போர்டுகளில் பெரும்பாலும் எம்.2 என்ற சிறிய ஸ்லாட் இருக்கும், பல போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கார்டைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டினால் போர்டின் மாடல் பெயர் வரும். அந்த மாடலின் கையேட்டைத் தரவிறக்கி, எம்.2 ஸ்லாட் எந்த வகை எஸ்எஸ்டியை ஏற்கும் என்று பார்த்த பிறகு வாங்குங்கள். என்விஎம்இ என்ற வேகமான வகையை ஏற்றால் அதையே வாங்கலாம், அடுத்த கணினிக்கும் கூட வரும். 2280 என்ற அளவு, அதாவது 22 மில்லி மீட்டர் அகலம், 80 மில்லி மீட்டர் நீளம். அதைப் பிடித்து வைக்கும் அரிசி அளவு ஸ்க்ரூ போர்டுப் பெட்டியில் வந்திருக்கும். எட்டு ஆண்டில் அது எங்கே போனதோ. எஸ்எஸ்டி வாங்கும்போதே ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள். ஸ்லாட் இல்லாவிட்டாலும் கவலையில்லை, ஹார்ட் டிஸ்கைப் போலக் கேபிளில் இணையும் சாட்டா வகை போதும். பூட் ஆகும் நேரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் கண் கண்டுபிடிக்காது. பெட்டியில் விநாடிக்கு 14,000 எம்பி என்று எழுதியிருக்கும் எஸ்எஸ்டி உங்கள் போர்டில் ஏறக்குறைய 3,500ஐத் தாண்டாது. அதற்கு அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க் உங்களிடம் டிக் டிக் என்று சொல்லியாவது விட்டது. எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் போகும். தவறி அழித்த கோப்பை மீட்பதும் அதில் அரிது, ஏனென்றால் அழித்த இடத்தைப் பின்னணியில் உடனே துடைத்துவிடும். எஸ்எஸ்டி வந்த பிறகு எக்ஸ்டெர்னல் டிஸ்கை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாமல், வாரம் ஒரு நாள் பேக்கப்புக்கு ஒதுக்குங்கள்.

ரேம்: 32 ஜிபி வேண்டாம், இன்னொரு ஸ்டிக் போதும்

ரேமைக் கூட்டினால் கணினி வேகமாகும் என்பது பொதுவான நம்பிக்கை. பற்றாமல் இருந்தால் மட்டுமே அது உண்மை. போதுமான அளவு வந்த பிறகு மேலே போடுவது காலி அறைக்கு வாடகை. உங்கள் வேலைக்கு 8 பற்றவில்லை, 16 போதும். இப்போது ஒரே ஸ்டிக் இருப்பதால் அதைக் கழற்ற வேண்டியதில்லை. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் பக்கத்தில் சேர்த்தால் அளவும் இரட்டிப்பாகும், இரண்டு பாதையில் தரவு போவதால் விநாடிக்கு 19.2 ஜிபியாக இருந்த மெமரியின் உச்ச வேகம் 38.4 ஆகும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் அடுத்தடுத்து செருகிவிடாதீர்கள். பல போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் ஜோடி. கையேட்டில் படம் இருக்கும்.

3200 என்று எழுதிய ஸ்டிக் கிடைத்தால் வாங்கலாம், உங்கள் போர்டில் 2400இல் ஓடும், கெடுதல் ஒன்றுமில்லை. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்று சிப் நிறுவனங்கள் உற்பத்தியை அங்கே திருப்பிவிட்டன. 32 ஜிபி என்று கொழுந்தனார் போட்ட கணக்கு பழைய விலையை மனதில் வைத்ததாக இருக்கலாம். ரேமைப் பழையதாக வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை, தேய்வதற்கு அதில் எதுவும் இல்லை. வாங்கிய இரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது, இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐ7-8700: பாதி சரி

இதைத்தான் பாதி சரி என்றேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வ அனுமதி. ஏழாம் தலைமுறையில் விதிவிலக்காக நுழைந்த சிலவற்றில் உங்கள் ஐ5-7500 இல்லை. ஆகவே எட்டாம் தலைமுறைக்குப் போவோம் என்று அவர் நினைத்தது நியாயமான யோசனை. சாக்கெட் பெயரும் ஒன்றுதான், எல்ஜிஏ 1151. உருவத்தில் பொருந்தவும் பொருந்தும்.

ஆனால் ஓடாது. எட்டாம் தலைமுறைக்காக இன்டெல் மின் இணைப்புகளின் ஒதுக்கீட்டை மாற்றி, மதர்போர்டில் 300 வரிசை சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து இயக்கும் சிப்) கட்டாயம் என்று வைத்துவிட்டது. உங்கள் பி250, 200 வரிசை. போர்டில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான பயாஸைத் திருத்தி, பின்களை ஒட்டி மறைத்து ஓட வைப்பவர்கள் உண்டு. பொழுதுபோக்குக்குச் செய்யலாம், சோறு போடும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம். இந்த போர்டில் ஏறக்கூடிய உச்சம் ஐ7-7700 வரிசை. நான்கு கோர்தான், ஒரே நேரத்தில் ஓட்டும் த்ரெட் மட்டும் எட்டு. எக்ஸ்போர்ட் கொஞ்சம் குறையும். விண்டோஸ் 11 பிரச்சினை அப்படியே நிற்கும். நல்ல நிலையில் உள்ள பழைய ஐ7க்கு இன்றும் கிராக்கி இருப்பதால் விலையும் உறுத்தும். வேண்டாம் என்பேன். உங்களிடம் அதே காலத்து ஏஎம்4 போர்டு (இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி பிராசஸருக்கானது) இருந்திருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். 2017இல் வந்த ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5000 வரிசையையே ஏற்றலாம். இன்டெல் பக்கம் அந்தச் சலுகை இல்லை.

விண்டோஸ் விஷயத்தில் உங்களுக்கு உள்ள வழிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனிநபர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குப் பிறகு குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றலாம். பலர் ஏற்றுகிறார்கள், ஓடுகிறது. ஆனால் ஆதரவில்லாத கணினிக்கு அப்டேட் கொடுப்போம் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. வாடிக்கையாளர் கோப்புகளும் வங்கிக் கணக்கும் அதே கணினியில் என்றால் அந்த இடர் உங்களுடையது. லினக்ஸ் நல்ல வழி, ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வடிவமைப்பு மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. ஆக இந்தக் கணினி இன்னும் ஓரிரண்டு ஆண்டு உழைக்கப் போகிற வேலையாள் என்று வைத்துக்கொண்டு செலவு செய்யுங்கள்.

எக்ஸ்போர்ட் நேரமும் கிராபிக்ஸ் கார்டும்

"புது கார்டு போட்டால் எக்ஸ்போர்ட் பறக்கும்" என்று சொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பறப்பதற்கான இறக்கை ஏற்கெனவே உங்கள் பெட்டிக்குள் இரண்டு இருக்கிறது. 1050 டிஐ கார்டிலேயே வீடியோவைச் சுருக்கும் தனிச் சர்க்யூட் உண்டு. பிராசஸருக்குள் உள்ள இன்டெல் கிராபிக்ஸிலும் குவிக் சிங்க் என்ற பெயரில் ஒன்று உண்டு. எக்ஸ்போர்ட் செட்டிங்கில் என்கோடிங் என்ற இடத்தில் சாஃப்ட்வேர் என்று இருந்தால் ஹார்ட்வேர் என்று மாற்றுங்கள். அந்தத் தேர்வே தெரியவில்லை என்றால் கார்டு டிரைவரைப் புதுப்பியுங்கள். தனி கார்டு செருகியதும் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும் போர்டுகள் உண்டு. பயாஸில் அதை மறுபடி இயக்கலாம். செலவு பூஜ்யம். எடிட் செய்யும்போது பிரிவியூ தடுக்கினால் கைபேசியில் எடுத்த கனமான கோப்புகளுக்கு ப்ராக்ஸி, அதாவது இலேசான நகல், உருவாக்கி வேலை செய்யுங்கள், அதுவும் இலவசம்தான். இதையெல்லாம் செய்து பார்த்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 100இல் நின்றால் கார்டு பற்றிப் பேசலாம்.

புத்தக வடிவமைப்புக்குப் புது கார்டால் சொல்லும்படி ஒரு பயனும் இல்லை. வீடியோவில் எஃபெக்ட், இரைச்சல் நீக்கம் எல்லாம் நிறையச் செய்தால் பயன் உண்டு. 1050 டிஐ வரிசைக்கு வழக்கமான டிரைவர் அப்டேட்கள் 2025 அக்டோபருடன் நின்றுவிட்டன; பாதுகாப்புத் திருத்தங்களை 2028 அக்டோபர் வரை தருவதாக என்விடியா சொல்லியிருக்கிறது. இன்றே அவசரம் இல்லை. கார்டு அடுத்த கணினிக்கும் வரும் என்பதால் அது வீண்செலவும் இல்லை, காலம் தப்பிய செலவு. ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள்: விலை குறைவு என்று இன்டெல் ஆர்க் கார்டுகளை யாராவது காட்டினால் இந்த போர்டுக்கு வேண்டாம். அவற்றுக்கு, கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் எட்ட உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதி தேவை, பழைய போர்டுகளில் அது இல்லாததால் வேகம் விழுந்துவிடும்.

கார்டு பேச்சு வந்ததால் ஒரு கதை. ஒருவர் புது கார்டு போட்டும் முன்னைப்போலவே மந்தமாக இருக்கிறது, கார்டு டூப்ளிகேட் என்று சண்டைக்கே வந்துவிட்டார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மானிட்டர் கேபிள் கார்டில் இல்லை, மேலே மதர்போர்டின் பழைய துளையிலேயே செருகியிருந்தது. கேபிளை இரண்டு விரற்கடை கீழே மாற்றிச் செருகினேன். உங்கள் பெட்டியையும் இன்று ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

பட்டென்று அணைவது

இது வேகப் பிரச்சினை இல்லை, உடம்பு சரியில்லாததன் அறிகுறி. கொழுந்தனார் சூடு என்று நினைத்துத்தான் லிக்விட் கூலர் எழுதியிருப்பார். சூடாக இருந்தால் இந்தப் பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால்தான் அணையும். எக்ஸ்போர்ட் ஓடும்போது எச்டபிள்யுஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பத்தைப் பாருங்கள். 90க்கு மேல் என்றால் தூசியை ஊதிவிட்டு, பிராசஸருக்கும் ஃபேனுக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். 65 வாட் பிராசஸருக்கு அதனுடன் வந்த ஃபேனே தாராளம், லிக்விட் கூலர் யானைப் பசிக்கான சமையல். விளக்கு போட்ட கேபினெட்டைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆசையாக இருந்தால் வாங்குங்கள், வேலைக் கணக்கில் எழுதாதீர்கள்.

வெப்பம் 70, 75இல் நிற்கும்போதே அணைந்தால் என் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீதுதான். 450 வாட் என்று எழுதியிருக்கிறதே என்பீர்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி அதன்மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். +12வோ என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் எண் இருக்கும். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 36 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 36, 432 வாட். அந்த 450 நேர்மையான 450. என் மேசையில் 22 ஆம்பியர் எழுதிய 450ஐயும் பார்த்திருக்கிறேன்: 264 வாட்தான் தேறும், மீதி வெளியே அச்சடித்த எண்ணுக்காகச் சேர்த்தது. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும் சொல்லும், உள்ளே உள்ள பாதுகாப்பைச் சொல்லாது. இருப்பது நல்லது, அதுவே போதாது. தவிர, எட்டு ஆண்டில் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கலாம். உங்கள் 1050 டிஐ 75 வாட்டுக்குள் ஸ்லாட்டிலிருந்தே குடித்துக்கொள்ளும் ஜாதி. புது கார்டு தனிக் கேபிள் கேட்கும். அணைந்து விழும் எஸ்எம்பிஎஸ்ஸில் அதைச் செருகுவது, ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஆளின் தலையில் மூட்டையை ஏற்றுவது.

நல்ல எஸ்எம்பிஎஸ், ஏழிலிருந்து பத்து ஆண்டு வாரண்டி உள்ளதாக, 550 அல்லது 650 வாட்டில் வாங்குங்கள். அடுத்த கணினிக்கும் அதுவே உழைக்கும். மாற்றும்போது பழையதன் கேபிள்கள் மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்களில் முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சோம்பல்பட்டு என் சொந்தக் கணினியில் பழைய கேபிளையே புதியதில் செருகினேன். ஒரு சின்னப் புகை, ஒரு ஹார்ட் டிஸ்க் போயிற்று. யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

தேதி பின்னோக்கிப் போவதற்குக் காரணம் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி. மாற்றிவிடுங்கள். தேதி தப்பினால் இணையதளங்கள் பாதுகாப்பானவை அல்ல என்று பிரவுசர் அடிக்கடி மிரட்டும். வைரஸ் என்று பயந்திருப்பீர்கள்.

கணவர் சொல்வது

புது லேப்டாப் யோசனையில் தவறில்லை, ஆனால் வெளியே எடுத்துப் போகும் வேலை உங்களுக்கு இல்லை. அதே பணத்துக்கு டெஸ்க்டாப் கூடுதல் வலுவும் பழுது பார்க்கும் வசதியும் தரும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: பழைய கணினிக்குச் செய்யும் மொத்தச் செலவு, அதே வேலைக்கான புதிய டெஸ்க்டாப்பின் விலையில் பாதியைத் தொட்டால் புதியதே மேல். கொழுந்தனாரின் பட்டியல் அந்தப் பாதியைத் தாண்டுகிறது. அந்த அளவில் கணவர் சொல்வது சரி. நான் சொல்லும் எக்ஸ்டெர்னல் டிஸ்க், எஸ்எஸ்டி, ஒரு ரேம் ஸ்டிக், எஸ்எம்பிஎஸ், பேஸ்ட், பேட்டரி அதற்கு வெகு கீழே நிற்கும். பேஸ்ட்டும் பேட்டரியும் போக, இதில் அடுத்த கணினிக்கு வராதது ரேம் ஒன்றுதான், ஏனென்றால் இப்போது வரும் புதிய போர்டுகளில் பெரும்பாலானவை டிடிஆர்5 கேட்கின்றன. மீதிப் பணம் கையிலேயே இருக்கட்டும். போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றும் நாளுக்கு அதுதான் முதல். அந்த வேலையைக் கொழுந்தனார் கையாலேயே செய்யச் சொல்லுங்கள், இந்தக் கணினியை இத்தனை ஆண்டு ஓட வைத்தவர் அவர்தானே.

பேக்கப் எடுத்த பிறகு எனக்கு இரண்டு விஷயம் எழுதுங்கள்: எஸ்எம்பிஎஸ் லேபிளில் +12வோக்குக் கீழே உள்ள எண், எக்ஸ்போர்ட் ஓடும்போது நான்கு கட்டங்களில் எது உச்சியில் நின்றது. கார்டு வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை ஐ7-8700க்கு அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம் என்று மட்டும் கொழுந்தனாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.